இரவல் தலை

"தலையைக் காட்டுங்க, நானா."

கேட்டுவிட்டேன். கடையிலிருந்து சந்தைக்கு நடந்துவந்த பத்து நிமிடத்துக்குள் அம்மா நாலு முறை சொல்லியிருந்தாள். எடையைக் கேள், கொழுப்பு இருக்கிறதா என்று அழுத்திப் பார், எந்த ஊர்ச் சரக்கு என்றுகூடக் கேட்டுக்கொள், தலையை மட்டும் கேட்காதே. நாலாவது முறை கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்தக் கையை உதறாமல்தான் கேட்டேன்.

குமாசியில் எங்கள் காட்டுக்கறிச் சந்தில் மற்ற மாதங்களில் தலை கேட்பது ஒரு குற்றமே இல்லை. தலையும் வாலுமாகத்தான் எல்லாம் மேஜைமேல் கிடக்கும். ஆகஸ்ட் முதல் தேதி வேட்டைக்குத் தடை வந்துவிடும். டிசம்பர் பிறக்கும்வரை காட்டில் இருப்பவை நிம்மதியாகக் குட்டி போட்டு வளர்க்கட்டும் என்பது சட்டம். விலக்கு ஒன்றே ஒன்றுக்குத்தான், அக்ராந்திக்கு. பூனையைவிடப் பெரிய, கரும்பையும் சோளத்தையும் ஒரே நாளில் மொட்டையடிக்கிற கொழுத்த எலி அது. அதை மட்டும் விற்கலாம்.

ஆகவே ஆகஸ்ட் முதல் தேதி காலையில் எங்கள் சந்தில் ஓர் அதிசயம் நடக்கும். குறுமான், முள்ளம்பன்றி, குரங்கு, அழுங்கு, எது வந்தாலும் அக்ராந்தி ஆகிவிடும். தலை போகும். பாதம் போகும். வால் போகும். மிச்சத்தைப் புகைபோட்டுக் கறுக்கவிட்டு அடுக்கினால் அதைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் தலையைக் கேட்பதில்லை.

நானா டச்சிவா குடைக்குக் கீழே, மடியில் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் சந்தின் அரசி அவர்தான், நானா என்பது அந்த மரியாதைக்கான பட்டம். யார் எந்த மேஜையில் விற்பது, எந்த வேட்டைக்காரர் சரக்கு யாருக்கு, யார் யாரோடு பேசாமல் இருப்பது, எல்லாம் அவர் சொல்படி. இருபத்தாறு மேஜைகளிலிருந்தும் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"தலையா?" என்றார் நானா. "தலையை வச்சு என்னடி பண்ணப் போற, டிகிரி? பாடம் நடத்தப் போறியா?"

சந்து முழுக்கச் சிரித்தது. அம்மா தரையைப் பார்த்தாள்.

டிகிரி என்பது ஜூலையிலிருந்து என் பெயர். சர்போமா என்ற பெயரை வீட்டில்கூடப் பாதிப்பேர் மறந்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த முதல் ஆளும் நான்தான். படித்தது வனவிலங்கு. பட்டமளிப்பு நாளன்று இந்தச் சந்தின் இருபத்தாறு பெண்களும் ஒரே மாதிரி நீலமும் வெள்ளையுமாகத் துணி தைத்துப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். போட்டோவில் அவர்களுக்கு நடுவே என் தொப்பி மட்டும் தெரியும். அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வந்தது உண்மை. அதற்குப் பிறகு மூன்று மாதமாக வேலை தேடுகிறேன். எல்லோரும் ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். எனக்கு இருப்பது ஒன்பது வயதிலிருந்து அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் கிண்ணம் கழுவிய அனுபவம்.

அந்தக் கடையில்தான் இந்த வினையும் ஆரம்பித்தது. ஆரம்பித்தவள் நான்தான், வேறு யார்மேலும் பழி போட முடியாது.

முந்தின நாள் பதினோரு மணி. சேர்மன் டோம்ஃபே வழக்கம்போல முதல் பெஞ்சில் உட்கார்ந்து கை கழுவினார். எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் வேன் நிலையத்துக்கு அவர் தலைவர். அவர் எங்கே சாப்பிடுகிறாரோ அங்கேதான் நாற்பது டிரைவர்களும் சாப்பிடுவார்கள். அவர் எழுந்து போனால் நாற்பது பேரும் எழுந்து போவார்கள். எங்கள் கடை என்பது அந்த நாற்பது வயிறுதான்.

மரவள்ளியை இடித்துப் பிசைந்த ஃபுஃபூ உருண்டையை சூப்பில் தோய்த்து விழுங்கிவிட்டு, ஒரு எலும்பை எடுத்து உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "இது என்ன எலும்பு டிகிரி, புல்லாங்குழல் மாதிரி நீளமா இருக்கு?" என்று என்னிடம் நீட்டினார்.

நாலு வருடம் படித்த பிறகு ஒரு மனிதர் முதன்முதலாக என்னிடம் எலும்பைக் காட்டிக் கேள்வி கேட்கிறார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"இது குளம்புக்கு மேல இருக்கிற எலும்பு, சேர்மன். அக்ராந்திக்குக் குளம்பு கிடையாது, அதுக்கு விரல்தான். இது குறுமான்."

அவர் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

டோம்ஃபே வீட்டார் குறுமான் தின்னமாட்டார்கள். அவருடைய அம்மா வழிப் பெரியவர் ஒருவர் காட்டில் வழி தவறித் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தபோது ஒரு குறுமான்தான் அவரை ஓடைக்குக் கூட்டிப் போனதாம். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அது விலக்கு. மீறினால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். இது எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். எலும்பைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்து தொலைத்தேன்.

முதலில் இடது காது அரித்தது. பிறகு கழுத்து. பிறகு சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டார். மூன்று வருடமாக, ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை தினமும் இரண்டு கிண்ணம் இதே கறியைத் தின்று, தொப்பையைத் தட்டிவிட்டுப் போன மனிதர். மூன்று வருடமாக அரிக்காத காது அது.

சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். "சேர்மன், அவளுக்கு ரெண்டு நாளா வெயில் ஒத்துக்கல" என்றாள்.

டோம்ஃபே சொறிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். நாளைக்குப் பதினோரு மணிக்குச் சட்டியில் வெந்த மிருகத்தின் தலை தன் கண்முன் இருக்க வேண்டும். அதில் அக்ராந்தியின் ஆரஞ்சுப் பல்லைப் பார்த்தால் உட்கார்ந்து சாப்பிடுவார். இல்லாவிட்டால் ஒரு டிரைவர்கூட இந்தப் படி ஏற மாட்டான். அதுவும் போக, அம்மா ஒரு செம்மறி ஆடும் ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயமும் எடுத்துக்கொண்டு போய் அவர் குடும்பத்துப் பெரியவர்கள்முன் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவர் போனபிறகு அம்மா என்னை அடிக்கவில்லை. கிண்ணங்களை அடித்துக் கழுவினாள்.

அதற்காகத்தான் சந்துக்கு வந்திருந்தோம். சிரிப்பு அடங்கியதும் நடந்ததை நானாவிடம் சொன்னேன். அவர் மடியிலிருந்த கத்தியைத் துடைத்து வைத்தார். பிறகு மேஜைக்கடியில் கையை விட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். வாழை இலையில் சுற்றி உள்ளே ஒரு தலை இருந்தது. அசல் அக்ராந்தித் தலை. புகையில் கிடந்து கிடந்து மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. மேல்வரிசையில் இரண்டு ஆரஞ்சுப் பல், இடது பல்லின் நுனி கொஞ்சம் உடைந்திருந்தது.

"சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துடணும்" என்றார் நானா.

தலையை எதற்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன்.

"சந்துக்கு இருக்கிறது ஒண்ணுதானே? நாளைக்கு வேற யாராவது உன்னை மாதிரி கேட்டா என் தலையையா வெட்டிக் கொடுக்கிறது?"

இந்தமுறை அம்மாவும் சிரித்தாள். நான் மட்டும்தான் சிரிக்கவில்லை. தலையையும் கறியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். தலை அக்ராந்தி. கறி என்ன என்று எனக்குத் தொட்டதும் தெரிந்தது.

சந்து முடியும் இடத்தில் மல்லம் ஸூபெய்ரு பாய் விரித்திருப்பார். வடக்கிலிருந்து வந்து இருபது வருடமாக மருந்துச் சாமான் விற்கிறார். உலர்ந்த பச்சோந்தி, ஆமையோடு, முள்ளம்பன்றி முள், கழுகின் கால் எல்லாம் அவரிடம் வரிசையாக இருக்கும். மருத்துவச்சிகளும் பூசாரிகளும் அவரைத் தேடித்தான் வருவார்கள். பாயின் ஓரத்தில் புதுக் கொம்புகள் குவிந்திருந்தன. விரல் நீளம், கூராக, அடியில் இன்னும் ஈரம். குறுமான் கொம்பு. எண்ணினேன், நாற்பத்தொன்று.

"தடைக்காலத்தில இது எங்கேருந்து வருது, மல்லம்?"

"இந்த வருஷம் மழை ஜாஸ்தி பார்" என்றார் அவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "அக்ராந்திக்கெல்லாம் கொம்பு முளைச்சிருக்கு."

அம்மா சிரித்துச் சிரித்துப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குப் பாதிக் கோபம், பாதிச் சிரிப்பு. நாற்பத்தொரு கொம்பில் பல பெண்மானின் கொம்பு. குறுமானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, ஆனால் சின்னது. அக்டோபரில் பெண்மான் செத்தால் குட்டியும் செத்த கணக்கு. இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு டோம்ஃபே கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். தட்டில் வைத்து நீட்டிய தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஆரஞ்சுப் பல்லை நகத்தால் தட்டிப் பார்த்தார். பின்னால் நின்ற டிரைவர்களுக்கும் காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சொறிவது நின்றுவிட்டது. இரண்டு கிண்ணம் குறுமான் சூப்பு குடித்தார், சின்ன ஏப்பம் ஒன்று விட்டார், "மாமே கொனாடு கை கைதான்" என்று அம்மாவைப் புகழ்ந்துவிட்டு வண்டிக்குப் போனார்.

அவருக்கு அரிப்பு நின்றது. எனக்கு ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் அம்மாவோடு சண்டை போட்டேன். ஒரு மனிதரின் குடும்ப விலக்கை ஏமாற்றி ஊட்டுகிறோம் என்றேன். காடு காலியாகிறது என்றேன். முன்பெல்லாம் வேட்டைக்காரர்கள் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள், இப்போது மூன்று நாள் நடக்கிறார்கள் என்று அவர்களே புலம்புவதை அவள்தானே எனக்குச் சொன்னாள் என்றேன். அம்மா மரவள்ளியை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அசல் அக்ராந்தி ஒரு நாளைக்கு மூன்றோ நாலோதான் சந்துக்கு வருகிறது, அதுவும் கார் வைத்திருப்பவர்கள் தலையோடு அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள், நாற்பது பேருக்கு நான் எதைப் போடுவது என்று கேட்டாள். நான் இன்னொரு மரவள்ளியை எடுத்து உரித்தேன்.

"நீ படிச்ச ஒவ்வொரு எலும்பும் இந்தச் சட்டியில வெந்ததுதாண்டி" என்றாள் கடைசியாக.

அது உண்மை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

தலை விஷயம் அதோடு முடிந்திருந்தால் நானும் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. டோம்ஃபே சும்மா இருக்கவில்லை. மாமே கொனாடு கடையில் தலையைக் காட்டித்தான் சோறு போடுகிறார்கள் என்று வேன் நிலையம் முழுக்கப் பெருமை பேசினார். அடுத்த நாள் லாரி நிலையத்துக் கடையில் ஆட்கள் தலை கேட்டார்கள். அதற்கடுத்த நாள் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கடையில். ஒரு வாரத்துக்குள் தலை காட்டாத கடையில் கௌரவமான ஆள் யாரும் உட்காருவதில்லை என்றாகிவிட்டது. எல்லாக் கடைக்காரிகளும் நானாவிடம் ஓடினார்கள். நானாவிடம் இருந்தது ஒரு பிஸ்கட் டப்பா.

பத்து மணிக்கு லாரி நிலையம், பதினோரு மணிக்கு நாங்கள், பன்னிரண்டு மணிக்கு சர்ச்சுக் கடை, ஒரு மணிக்குத் தச்சர் தெரு. தலை ஒரு மாவட்ட அதிகாரி மாதிரி சுற்றுப்பயணம் போனது. ஒருநாள் சாலையில் ஏதோ ஊர்வலம். தலை வந்த மோட்டார் சைக்கிள் மாட்டிக்கொண்டது. டோம்ஃபே கழுவின கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, ஈ ஓட்டக்கூட அதை அசைக்காமல் இருபது நிமிடம் காத்திருந்தார். தலைக்குக் காய்ச்சலா என்று ஒரு டிரைவர் கேட்டான். உள்ளே இன்னும் அலங்காரம் நடக்கிறது என்று சொல்லிவிட்டு நான் தெருமுனைக்கு ஓடினேன். வாங்கிக்கொண்டு ஓடிவரும்போது, நாலு வருடம் படித்து ஒரு எலித்தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறேனே என்று தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு முடிவோடு வேன் ஏறினேன்.

மாம்போங் பக்கம் அக்ராந்தியைக் கூண்டில் வளர்க்கிறார்கள் என்று படிக்கும்போது கேள்விப்பட்டிருந்தேன். தேடிப்போனால், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து நின்றுவிட்ட ஒருவர் வீட்டுக்குப் பின்னால் செங்கல் கூண்டு கட்டி எண்பது உருப்படி வைத்திருந்தார். யானைப்புல் போட்டதும் மொறுமொறுவென்று தின்றன. வாரத்துக்குப் பத்து உருப்படி உயிரோடு தர முடியும் என்றார். ஆனால் வாராவாரம் நான் எடுத்தே ஆக வேண்டும், ஒரு வாரம் விட்டாலும் வேறு ஆளுக்குப் போய்விடும், திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முதல் பத்தை எடுக்க வர வேண்டும் என்றார். பத்து உருப்படி நாற்பது பேருக்கு இரண்டு நாள்தான் வரும். மற்ற நாளுக்குக் கோழியும் மீனும் போடலாம், பலகையில் கோழி என்றும் மீன் என்றும் எழுதலாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நான் மாம்போங் போவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, டோம்ஃபே ஒரு டயர் வியாபாரியின் சாவுக்குப் போயிருந்திருக்கிறார். கறுப்பும் சிவப்புமாக ஐந்நூறு பேர், பந்தல், பாட்டு, பெரிய சாப்பாடு. விசேஷக் கறி வேண்டும் என்ற பெரிய மனிதர்களுக்குத் தனித் தட்டில் தலையைக் காட்டியிருக்கிறார்கள். டோம்ஃபே கண்ணாடி போட்டுப் பார்த்தார். இடது பல், நுனி உடைந்தது.

"இவனை எனக்குத் தெரியும்" என்று சொன்னாராம். சொன்ன அடுத்த நிமிடம் காதிலிருந்து கணுக்கால்வரை ஒரே நேரத்தில் அரிப்பு.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானாவின் குடைக்குக் கீழே எல்லோரும் கூட வேண்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

நான் ஒன்பது மணிக்கே போனேன். நானா எனக்காகக் காத்திருந்தார். என் தோளில் கையைப் போட்டு, சந்தின் வாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். சாலையோர மூலை மேஜை காலியாக இருந்தது. போன மாதம்தான் அதற்குரிய பெண்மணி மகளோடு அக்ராவுக்குப் போய்விட்டார். அந்த மேஜைக்காகப் பதினைந்து வருடமாகக் காத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

இது இனி உன்னுடையது என்றார் நானா. வேலை எங்கே வேலை எங்கே என்று அலைய வேண்டாம். உன் அம்மாவும் வயசான காலத்தில் அடுப்புப் புகையில் நிற்க வேண்டாம். பதிலுக்கு ஒரே ஒரு வாக்கியம். அன்றைக்கு எலும்பைத் தப்பாகப் பார்த்துவிட்டேன், அது அக்ராந்திதான் என்று சொல்ல வேண்டும். டோம்ஃபே வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டார், நீ சொன்னால் நம்புவார்.

மேஜையைத் தடவிப் பார்த்தேன். நல்ல மேஜை. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் அதற்குப் பின்னால் என்னை உட்கார்த்திப் பார்த்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் கையில் கத்தியோடு ஒரு பெண்மானின் தலையை வெட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு டோம்ஃபே இரண்டு டிரைவர்களோடு வந்தார். சட்டைப்பையில் ஒரு சோளக்கட்டை செருகியிருந்தது, முதுகு சொறிய. சந்து முழுக்கக் கூடிவிட்டது. மல்லம் ஸூபெய்ருகூடப் பாயைச் சுருட்டிவிட்டு வந்து நின்றார்.

டோம்ஃபே நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"மாமே கொனாடு சொன்னா இனி நம்ப மாட்டேன். நானா, நீங்க மன்னிக்கணும், நீங்க சொன்னாலும் நம்ப மாட்டேன். டிகிரி சொல்லட்டும். அன்னிக்கு எலும்பைப் பார்த்துச் சொன்னவ அவதான். தெரியாமச் சொல்லிட்டேன், அக்ராந்திதான்னு அவ வாயால சொன்னாப் போதும், இப்பவே போய் உட்கார்ந்து சாப்பிடுறேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் கெஞ்சினார். அவருக்கும் அந்த வாக்கியம்தான் வேண்டும். அந்தச் சூப்பு அவருக்கு அவ்வளவு பிடிக்கும். நானாவுக்கு வேண்டும், அம்மாவுக்கு வேண்டும், இருபத்தாறு மேஜைக்கும் வேண்டும். வேண்டாதவள் நான் ஒருத்திதான்.

"அது குறுமான், சேர்மன்" என்றேன். "அன்னிக்கும் குறுமான். தலையைக் காட்டின அன்னிக்கும் குறுமான். மூணு வருஷமா நீங்க எங்க கடையில இந்த மாசத்துல தின்னது பெரும்பாலும் அதுதான்."

முதுகைச் சொறிந்துகொண்டிருந்த சோளக்கட்டை அப்படியே நின்றது.

"மூணு வருஷமா?"

"மூணு வருஷமா. ஒருநாளும் அரிக்கல."

பின்னாலிருந்த டிரைவர் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். டோம்ஃபே திரும்பி அவனை முறைத்தார். அவருடைய உதடும் ஓரத்தில் துடித்தது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

"அரிக்கலைன்னா தப்பு இல்லைன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். "என் பெரியவரைத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போன பிராணியை எனக்குத் தெரியாம எனக்கே ஊட்டியிருக்கீங்க. அரிப்பு வேற. இது வேற."

அதுவரை அவரை ஒரு வேடிக்கை மனிதர் என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"நானும் அதைத்தான் சொல்றேன், சேர்மன்" என்றேன். "ஊட்டினது தப்பு."

பிறகு ஆட்டுச் சண்டை ஆரம்பித்தது. மன்னிப்புக்கு ஆடு கொடுக்க வேண்டியது சமைத்தவள் என்றார் நானா. விற்றவர் என்றாள் பக்கத்து மேஜைக்காரி, சொன்ன பிறகுதான் தானும் விற்றவள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. சுட்ட வேட்டைக்காரன் என்றாள் இன்னொருத்தி. கொம்பு வாங்கினவருக்கும் ஒரு கால் பங்கு உண்டு என்று யாரோ சொன்னதும் மல்லம் ஸூபெய்ரு கூட்டத்தில் காணாமல் போனார். ஆடு வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார் டோம்ஃபே. வெள்ளை ஆடு இந்த மாதம் கிடைக்காது என்றது சந்து.

நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

இனி எங்கள் சட்டிக்கு இந்தச் சந்திலிருந்து கறி வராது என்றேன். மாம்போங்கில் அக்ராந்தி வளர்க்கிற ஒருவரிடம் பேசிவிட்டேன், இன்று சாயங்காலம் முதல் பத்து உருப்படி உயிரோடு வரும், கண்முன்னால் அடித்துச் சமைப்போம், மற்ற நாளில் கோழியும் மீனும், விருப்பமிருந்தால் வாருங்கள் என்றேன்.

சந்து ஒரு கணம் யோசித்துவிட்டு ஒட்டுமொத்தமாகச் சிரித்தது.

"கூண்டு எலியை யாருடி திம்பா?" என்றார் நானா. அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமான ஆச்சரியம்தான். "ஓடாத கறிக்கு ருசி ஏது?"

டோம்ஃபேயும் தலையாட்டினார். ஏதோ கோழித்தீவனம் மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். வருவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். பிறகு, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை என்றார்.

"அப்போ மூலை மேஜை?" என்று கேட்டார் நானா. சிரிப்பு நின்றிருந்தது. பதினைந்து வருடமாகக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"வேற யாருக்காவது கொடுங்க, நானா. துணி தைச்சுப் போட்டுக்கிட்டு வந்தீங்களே, அதை மறக்க மாட்டேன். ஆனா இதைச் செய்ய மாட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு நீளமான நாக்கை யாரு உனக்கு வளர்த்துவிட்டது?" என்று கேட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்தார்.

திட்டப்போகிறாள் என்று தயாராக நின்றேன். நாற்பது வயிற்றில் நாளைக்கு எத்தனை திரும்பி வரும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவள் துணி முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஆட்டுல பாதி நான் தரேன், சேர்மன்" என்றாள். "மீதிப் பாதியை இந்தச் சந்து தரட்டும். சமைச்சவளுக்கும் விற்றவங்களுக்கும் சமம்." பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னும் எதுக்கு நிக்கிற? உயிரோட வர்ற எலின்னா மூங்கில் கூடையை அரிச்சுத் தள்ளிடும். இரும்புக்கடையில கம்பிக்கூடை ரெண்டு வாங்கிட்டுப் போ."

மீதிப் பாதிக்கு எந்த மேஜை எவ்வளவு என்று பின்னால் அமளி தொடங்கிவிட்டது. பாதி ஆட்டில் தலை எந்தப் பாதி என்று நானா கேட்பது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரும்புக்கடையில் கம்பிக்கூடைகளை வாங்கிக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வேன் நிலையத்துக்கு நடந்தேன். மாம்போங் வேன் கிளம்ப இன்னும் மூன்று பேர் வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தான் டிரைவர். நான் ஏறி உட்கார்ந்ததும், இரண்டு பேர் என்று கத்தினான்.